நாயிடம் சொன்ன நியாயம்

நான்கு வருடங்களுக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. இடம், சுருளிப்பட்டியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கிவிடுகிறது, அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்கு வாக்கப்பட்டவள் நான், இளையவருக்கு வாக்கப்பட்டவள் என் ஓரகத்தி. வீட்டில் அவளைச் 'சின்னவள்' என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மாமனார் நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார், ஆனால் கிணற்றைப் பிரிக்க முடியுமா? அது கூட்டுக் கிணறு, மோட்டாரும் ஒன்று. மோட்டார் ரூமில் இருந்து வருகிற பெரிய குழாய் இரண்டாகப் பிரியும். ஒரு வால்வைத் திறந்தால் தண்ணீர் என் பந்தலுக்கு, இன்னொன்றைத் திறந்தால் அவள் பந்தலுக்கு. ஒரு நாள் எனக்கு முறை, மறுநாள் அவளுக்கு. மாமனார் வைத்த முறை அது, அதில் யாரும் கை வைத்தது கிடையாது.

அந்த வருடம் கையை வைத்தது கரண்ட். தோட்டத்து மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. அந்தக் கோடையில் என்ன சாபமோ, என் முறை வருகிற நாளாகப் பார்த்துத்தான் போனது. ஒரு நாள் டிரான்ஸ்பார்மரில் கோளாறு, ஒரு நாள் காற்றில் தென்னை மட்டை விழுந்து வயர் அறுந்துவிட்டது, இன்னொரு நாள் காரணமே இல்லை. மறுநாள் அவள் முறை என்றால் சமர்த்தாக வந்து காலையில் இருந்து ஓடும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. எங்கள் கிணற்றில் கோடையில் ஊறுகிற தண்ணீர் கொஞ்சம்தான். என் நாளில் கரண்ட் இல்லை என்றால், அன்றைக்கு ஊறிய தண்ணீர் எங்கே போகும்? கிணற்றிலேயே கிடக்கும். மறுநாள் அவள் மோட்டாரைப் போட்டால் என் பங்கும் சேர்ந்து அவள் பந்தலுக்கு ஏறும். என் கொடியில் காய் பட்டாணி அளவில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துப் பெருக்க வேண்டிய நேரத்தில் இலை மடங்கித் தொங்குகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் கொத்து தளதளவென்று இருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

நான் போய்க் கேட்டேன், உன் நாளில் ஒரே ஒரு நாள் எனக்கு விட்டுக் கொடு என்று. சின்னவள் என் முகத்தைப் பார்க்காமல், "முறைன்னா முறைதான்க்கா. மாமா வச்சது" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தால் வாய் தாங்காது. நானும் நாலு வார்த்தை சொன்னேன், அவளும் சொன்னாள். அன்றைக்கு நின்றது பேச்சு.

பேச்சு நின்றாலும் ஒரே மோட்டார் ரூமில் புழங்க வேண்டுமே? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். தோட்டத்தில் மணி என்று ஒரு நாய் இருந்தது. இரண்டு வீட்டிலும் சோறு தின்னும், இரண்டு வீட்டுக்கும் காவல் காக்கும். நான் மோட்டார் ரூமுக்கு வந்து, "ஏலே மணி, வால்வை மூடாமப் போனா குழாய் வெடிச்சிரும்னு சொல்லு" என்பேன். அவள் அந்தப் பக்கம் நின்று, "மூடியாச்சுன்னு சொல்லுடா மணி" என்பாள். மணி நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். பாவம், அதன் கழுத்து வலித்திருக்கும்.

ஆம்பிளைகள் இரண்டு பேரும் இதில் வாயே திறக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் கம்பத்துக்குப் போவார்கள், ஒரே கடையில் டீ குடிப்பார்கள், ஒரே பைக்கில் திரும்பி வருவார்கள். தோட்டம் நெருங்கினதும் தம்பி இறங்கித் தனியாக நடந்து வருவார். இந்த நாடகம் எங்களுக்குத் தெரியாது என்று இருவருக்கும் நினைப்பு.

இந்த நேரத்தில்தான் என் தோழி வந்து சேர்ந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேகமலை தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள், அம்மா கொழுந்து பறித்தவர். படிப்புக்காகக் கம்பத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பள்ளிக்கூடம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. அப்போதே அவளுக்குக் கேள்விதான். கணக்கு டீச்சர் வகுப்பு முழுவதையும் முட்டி போடச் சொன்னால், "பேசாத புள்ளைகளுக்கும் எதுக்கு டீச்சர் தண்டனை?" என்று கேட்பாள். அதற்காக அவளுக்கு மட்டும் கூடுதலாக வெளியே நிற்க வேண்டி வரும். நின்றபடியே ஜன்னல் வழியாக என்னிடம், "இது நியாயமாடி?" என்று வேறு கேட்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மதிப்பெண். பள்ளியிலேயே அதுதான் முதல் இடம். முதல் இடம் வருகிற பெண்ணை மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்துக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ள ஒரு அறக்கட்டளை இருந்தது. ஆனால் ஒரு பெண்ணுக்குத்தான். தலைமையாசிரியை தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் இரண்டு துண்டுச் சீட்டு எழுதி ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினார். ஆயாம்மா எடுத்தார். அவள் பெயர் வந்தது.

நான் ஒரு வாரம் அழுதேன், பொய் சொல்வானேன். அடுத்த வருடம் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். பந்தல், கவாத்து, மருந்தடிப்பு, பிள்ளைகள் என்று ஓடிய ஓட்டத்தில் அந்தச் சீட்டு மறந்தே போனது. அவள் மதுரை போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், இப்போது ஒரு குளிர் தேசத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. எது சரி, எது தப்பு, மனுசனுக்கு மனுசன் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறான் என்று ஆராய்கிற படிப்பாம். புத்தகங்கள் எழுதியிருக்கிறாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவாள். லயத்தில் அவளுக்கு யாரும் இல்லை, அதனால் என் வீட்டில்தான் தங்குவாள்.

அவள் வேலையை எங்கள் ஊரில் விளக்குவது பெரும்பாடு. "எது சரி எது தப்புன்னு பாடம் நடத்துறா" என்று கொழுந்தனாரிடம் ஒரு தடவை சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குச் சம்பளமும் குடுக்குறாகளா மதினி?" என்றார். நான் சொன்னது நாலு வாய் மாறிப் போனதில் பாதிப் பேர் அவளை ஜட்ஜ் என்று நினைத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் ஜோசியம் பார்ப்பாள் என்று. இந்த முறை அவள் வந்த மறுநாளே பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாழைத்தாரோடு வந்துவிட்டார். அவருக்கும் அவர் மச்சானுக்கும் வேலித் தகராறு. அவர் சொல்லச் சொல்ல இவள் கேள்வியாகக் கேட்டாள். அவர் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், "வக்கீல்கிட்டப் போனா அவரு பேசுவாரு. இந்தம்மா என்னையவே பேச விடுறாக" என்று முனகிக்கொண்டு போனார். வாழைத்தாரை மட்டும் மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குப் பழம் ஆகாது, பச்சைக் காய்தான் வேண்டும், அதுவும் உப்பு தொட்டு. நான் காயை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவள் பறித்துப் பறித்து வாயில் போடுகிறாள். ஒரு எரிச்சலில் கேட்டேன், அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிறாய் என்று.

அவள் உப்பைத் தட்டிவிட்டுச் சொன்னாள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. டிபன் பாக்ஸ்ல என் பேரு வந்துச்சு. இப்ப மேடையில ஏத்தி மாலை போட்டு என்னையப் பாராட்டுறாக. எதுக்குப் பாராட்டுறாகன்னு எனக்கு வெளங்கலடி. என் உழைப்புக்கா, அந்தச் சீட்டுக்கா?"

முதல் புத்தகத்தை அவள் ஆரம்பித்ததே இந்தக் கேள்வியில் இருந்துதானாம். ஒருவருக்குக் கிடைப்பதில் எவ்வளவு அவர் சம்பாதித்தது, எவ்வளவு சும்மா வந்து விழுந்தது? சும்மா வந்து விழுந்ததை 'என்னுடையது' என்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாமா? ஒருவருக்குச் சும்மா போய்விட்டதை அவர் தலையெழுத்து என்று விட்டுவிடலாமா? இதைத்தான் இத்தனை வருடமாகப் பல விதமாக எழுதிக்கொண்டிருக்கிறாளாம். அவளை மறுத்து எழுதுகிறவர்களும் நிறையப் பேராம். அதிர்ஷ்டத்தை எல்லாம் பங்கு போட ஆரம்பித்தால் உழைக்கிறவன் எதற்கு உழைப்பான் என்று ஒருவர் கேட்டாராம். அந்தக் கேள்விக்கு இன்னும் ஒழுங்கான பதில் தன்னிடம் இல்லை என்று அவளே சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! பதில் தெரியாததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

எனக்கு முதலில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் எப்போதோ மறந்துபோன ஒன்றை இவள் கடல் தாண்டியும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். "போடி கிறுக்கி, நான் போயிருந்தா இந்நேரம் அந்தக் குளிர்ல ஃபிரிட்ஜ் சோறு தின்னுக்கிட்டு இருந்திருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

ஆனால் நான் விவசாயி இல்லையா? வந்த வாய்ப்பை விடுவேனா? சட்டென்று பிடித்துக்கொண்டேன். அப்படி என்றால் எனக்கு நீ ஒன்று பாக்கி இருக்கிறாய், அதை இப்போது தீர்த்துவிடு என்றேன். கிணற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். நாளைக்குச் சின்னவள் முறை, எல்லோரும் மோட்டார் ரூமில்தான் இருப்பார்கள், நீ வந்து அத்தனை பேர் முன்னால் நியாயம் என் பக்கம் என்று சொல்லிவிடு. வெளிநாட்டில் படித்தவள் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவள் இன்னொரு கொத்தில் கை வைத்தாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கரண்ட் ஜம்மென்று வந்தது. வராமல் இருக்குமா, சின்னவள் முறை ஆயிற்றே! மோட்டார் ஓடுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு தோழியை இழுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் டீத் தூக்குவாளியோடு அங்கே நின்றார்கள். சின்னவள் வால்வுக்குப் பக்கத்தில் குனிந்து ஒழுகுகிற குழாய்க்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். மணி வழக்கம்போல நடுவில் வந்து உட்கார்ந்தது.

வழக்கை நானே எடுத்துவைத்தேன். மூன்று முறை வரிசையாகப் போனது, என் தண்ணீர்தான் அங்கே ஏறுகிறது, இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் காய் வெம்பிக் கொட்டிவிடும், வருடம் முழுவதும் பட்ட பாடு மண்ணோடு போகும். கடைசி வார்த்தை சொல்லும்போது எனக்கே குரல் உடைந்துவிட்டது. நடிப்பில்லை. அந்தப் பந்தலைத்தான் நம்பி இருந்தோம்.

சொல்லி முடித்துத் தோழியைப் பார்த்தேன். இப்போது எடுத்து விடுவாள் தீர்ப்பை என்று நிற்கிறேன். அவள் இரண்டு ஆம்பிளைகளையும் சின்னவளையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொல்கிறாள்: "நான் இவ ஆளு. இவ வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கேன். என் தீர்ப்பை நீங்க நம்பக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்காகவா நேற்று நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்? அவள் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன். அவள் கையைத் தடவிக்கொண்டே, தீர்ப்பு சொல்ல முடியாது, ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்ளலாமா என்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்கிற இந்த முறை எப்போது வந்தது?

அப்பா காலத்தில் வந்தது என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போது எதில் தண்ணீர் இறைத்தீர்கள் என்று கேட்டாள்.

"ஆயில் இன்ஜின்" என்றார் கொழுந்தனார். சொல்லும்போதே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த இன்ஜினை ஓட விடுவது பெரிய வித்தை என்றும், கைப்பிடி போட்டுச் சுற்றும்போது எகிறி அடிக்கும் என்றும், ஒரு தடவை அண்ணன் முன்பல் தப்பியது சாமி புண்ணியம் என்றும் அடுக்கிக்கொண்டே போனார். டீசலை ஊற்றிவிட்டால் ஊற்றின நேரத்துக்கு நிற்காமல் ஓடுமாம். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் இன்ஜின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார்கள்.

அப்புறம் திடீரென்று இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

ஏதோ ஒன்று அவர்களுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. எனக்கும் தட்டுப்பட்டது, ஆனால் வாயில் வரவில்லை. என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்க்கிறார், தம்பி டீத் தூக்கைப் பார்க்கிறார். பேசினால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று ஒவ்வொருத்தரும் கணக்குப் போடுகிறார்கள். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சின்னவள் பந்தலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

சின்னவள் ரப்பரைச் சுற்றி முடித்து முடிச்சுப் போட்டாள். நிமிரவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏலே மணி, இன்ஜினுக்குக் கரண்டு போகாதுல்ல. மாமா இருந்தப்ப அந்த முறை சரியா இருந்துச்சு. இப்பச் சரியில்லன்னு சொல்லுடா."

சொல்லிவிட்டு எழுந்தாள். போய் என் பந்தலுக்குப் போகிற வால்வில் கை வைத்துத் திருகினாள். பல நாளாகத் தொடாமல் கிடந்து இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் பல்லைக் கடித்துத் திருகினாள். காற்று புஸ்ஸென்று வெளியே வந்து, குழாய் இருமி, அப்புறம் தண்ணீர் என் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது.

அது அவள் முறை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டோம். நான் இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவளுக்கும் பந்தல் இருக்கிறது, அவளுக்கும் காய் பெருக்கிற நேரம்தான். கிணற்றில் இருந்த தண்ணீரும் அவ்வளவுதான்.

எனக்கு அவளைப் பார்த்து நேராகப் பேச முடியவில்லை. வேறு வழி? நானும் மணியிடம்தான் சொன்னேன். "முழுசும் வேண்டாம்டா மணி, பாதி போதும்னு சொல்லு. அவ கொடியும் வாடும்ல."

மணி எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்து போய்விட்டது. போங்கடி, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொன்னது போல இருந்தது. கொழுந்தனார்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அப்புறம் எல்லோரும். சின்னவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் பிசினும் சேறுமாக இருந்த கை. என் நல்ல சேலை பாழானதுதான் மிச்சம், போகட்டும்.

அங்கேயே புது முறை போட்டோம். இனிமேல் நாள் கணக்கு கிடையாது, மோட்டார் ஓடுகிற நேரம்தான் கணக்கு. என் முறையில் பாதியில் கரண்ட் போனால், திரும்ப வரும்போது மிச்சத்தை நான் ஓட்டி முடிப்பேன், அதற்கு அப்புறம் அவள். அவளுக்கும் அப்படியே. கேட்கும்போது சுலபமாக இருந்தது. நடைமுறையில் அது ஒரு கூத்து. ஒருத்தி முடித்ததும் அடுத்தவளுக்குச் சொல்ல வேண்டும், கரண்ட் வந்தால் யார் மிச்சம் என்று கேட்க வேண்டும். ஆக, காலையில் இருந்து சாயங்காலம் வரை போன்தான். "அக்கா, போயிருச்சு." "வந்துருச்சுடி, ஓடு." "உங்களுது முடிஞ்சதா, நான் போடவா?" பேசாமல் இருந்த நாட்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே வாரத்தில் பேசிவிட்டோம். நாளாக ஆக யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பது குழம்பிக் கூழாகி, யார் கொடி வாடியிருக்கிறதோ அவர்கள் முதலில் போட்டுக்கொள்வது என்று தானாகவே ஆகிவிட்டது.

அந்த வாரமே அவள் முறையில் கரண்ட் போனது. பழைய நானாக இருந்தால் மனதுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷம் ஓடியிருக்கும். அன்றைக்கு நான்தான் மின்சார ஆபீசுக்குப் போனைப் போட்டுச் சண்டை பிடித்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலையில பேசினது அவுக, இப்பப் பேசுறது நீங்களா? ஒரு தோட்டத்துக்கு எத்தனை பேரும்மா?" என்றார்.

தோழி ஊருக்குக் கிளம்புகிற அன்று தேனி வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்தான் உட்கார்ந்தாள், பள்ளிக்கூடத்தில் இருந்தே அந்த இடத்துக்கு அடிபிடி. சின்னமனூர் தாண்டும்போது தூரத்தில் மேகமலை தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைச் சும்மா விடவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெரிய காரியம் முடித்துவிட்டாயே, இதை எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாயா என்று கேட்டேன். கொஞ்சம் பெருமைப்படுவாள் என்று பார்த்தேன்.

"இல்லடி. இன்ஜின்னு சொல்லுவாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாததைக் கேட்டேன், அம்புட்டுத்தான். அவ வாயத் தொறந்தது நம்ம அதிர்ஷ்டம்" என்றாள். அப்புறம் அவளே, அது அதிர்ஷ்டம் இல்லையோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடுகிற தண்ணீரை ஒருத்தி எதற்காகத் திருப்பிவிட்டாள்? அதிர்ஷ்டத்தை எப்படிப் பங்கு வைப்பது என்று எவ்வளவோ எழுதியிருக்கிறாளாம், பங்கு வைக்கிற மனசு ஒருவருக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று எழுதியதே இல்லையாம். தேனி பஸ் ஸ்டாண்ட் வந்து கண்டக்டர் இறங்கச் சொல்கிற வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தாள். பையை மறந்துவிட்டு இறங்கியவளை நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். போகும்போது, "நீ அவகிட்டயே கேட்டு எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறுப்பு வரை எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த வருடம் காய் முழுசும் தப்பவில்லை. பந்தலின் கிழக்கு ஓரத்தில் ஒரு பகுதி வெம்பிப் போனது போனதுதான். மற்றதெல்லாம் தண்ணீரைக் குடித்துப் பெருத்து, கறுத்து, கொத்துக் கொத்தாக இறங்கியது. என் பந்தலில் அறுப்பு நடந்த அன்று சின்னவளும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்துப் பக்கத்தில் நின்று கொத்தை வெட்டி டிரேயில் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். அன்றைக்கு எதற்குடி அப்படிச் சொன்னாய்? நீயும் நாலு கேள்வி கேட்கிற புத்தகம் எதுவும் படித்தாயா?

அவள் கையை நிறுத்தவில்லை. ஏதோ சமையல் விஷயம் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்க கொடி வாடுறது என் பந்தல்ல நின்னா நல்லாத் தெரியும்க்கா. தெனம் காலைல அதைத் தாண்டித்தான வரணும். நானும் எத்தனை நாளைக்குப் பாக்காத மாதிரியே நடக்குறது?"

அதை அப்படியே தோழிக்குப் போனில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றாள். இன்னொரு தடவை சொன்னேன்.

மணி இப்போது கிழடாகிவிட்டது. மோட்டார் ரூம் வாசலில்தான் படுத்துக் கிடக்கிறது, யாரும் அதனிடம் சேதி சொல்லி அனுப்புவதில்லை. கரண்ட் மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் அதன் இஷ்டத்துக்குத்தான் வந்து போகிறது. ஆனால் என் முறையில் அது வருகிறபோதெல்லாம், இது என் சாமர்த்தியத்தில் வந்தது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வால்வைத் திறப்பதற்கு முன்னால் வரப்பில் ஏறி அந்தப் பக்கம் சின்னவள் கொடி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.